லேபம்மா தண்ணீர் அடித்த சுவர்

“எது நல்லதுன்னு எனக்குத் தெரியாது ஸார். எது மொதல்ல கெடும்னு வேணா சொல்றேன்.”

அந்த அம்மா என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். மூன்று சாம்பிள் சுருள்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, அவருடைய சோதனைக்கூடத்தின் வாசலில் நான் நின்றிருந்தேன். கட்டட இன்ஜினியராக இருபத்திரண்டு வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு. இதில் எது நல்லது என்று கேட்டவனுக்கு அந்தப் பதில் சுள்ளென்று பட்டது.

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா?” என்றேன்.

“இல்ல ஸார்” என்றார். சுருள்களை வாங்கி மேஜைமேல் போட்டுவிட்டு, வெள்ளைக் கோட்டின் பாக்கெட்டிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

பள்ளிகொண்டாவைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது அந்த ஷூ கம்பெனி. தயாராகும் ஜோடிகள் எல்லாம் வெளிநாட்டுக்குப் போகிறவை. முந்தின வருஷ மழையில் பழைய குடோனின் மேற்குச் சுவர் ஊறி, பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்த ஷூக்களில் பூஞ்சை பிடித்துவிட்டது. வாங்குகிறவர் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் திருப்பி அனுப்பினார். முதலாளி நொந்துபோய், செங்கல்லே வேண்டாம், இரும்புச் சட்டம் அடித்துச் சிமென்ட் பலகை போட்டு அடுத்த மழைக்குள் புதுக் குடோன் கட்டு என்று என்னைக் கூப்பிட்டார்.

சிமென்ட் பலகை மழையைத் தடுத்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். தடுக்காது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடுக்கு இருக்கும். காற்றோடு அடிக்கிற மழை அந்த இடுக்கில் புகுந்து பின்னால் போய்விடும். அப்படிப் போன தண்ணீரைப் பிடித்துக் கீழே வழியவிட, பலகைக்குப் பின்னால் சட்டத்தின் மேல் ஒரு ஷீட் கட்ட வேண்டும். மெம்ப்ரேன் என்பார்கள். சுவருக்கு ஒரு ரெயின்கோட் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஷீட் வாங்குவது என்பதுதான் கேள்வி. “எத வாங்கினாலும் லேபம்மா ஒரு தடவ பாத்துடட்டும்” என்று முதலாளி சொல்லிவிட்டார். ஷூ சோதிக்கிற அம்மாவிடம் போய்ச் சுவருக்கு அனுமதி வாங்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு எரிச்சல்.

கம்பெனியில் எல்லோரும் அவரை லேபம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரை நானும் சொல்லப்போவதில்லை. விரிஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். நாற்பதைத் தொடப்போகிற வயது. சிரிப்பு கம்மி, பேச்சு அதைவிடக் கம்மி. அவருடைய வேலை, கம்பெனிக்குள் வருகிற, கம்பெனியிலிருந்து போகிற ஒவ்வொன்றையும் கெடுத்துப் பார்ப்பது. தோலை மடக்கி மடக்கி நிமிர்த்த ஒரு மெஷின், அடிப்பாகத்தைப் பிய்க்க ஒரு மெஷின், சாயத்தைத் தேய்த்து எடுக்க ஒரு மெஷின். எல்லாம் நாள் முழுக்க டக்டக்கென்று ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொன்றும் எப்போது உயிரை விடும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

பழக்கம் வேலையோடு நிற்கவில்லை. ஒரு தடவை பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி புதுக் கைப்பை வாங்கி வந்து, “எப்டி இருக்கு மேடம்?” என்று ஆசையாக நீட்டினாள். லேபம்மா வாங்கினார், வாரைப் பிடித்தார், ஒரே இழு. வார் கையோடு வந்துவிட்டது. அந்தப் பெண் அழுதுவிட்டாள். மறுநாள் காலை லேபம்மா அதே பையை எடுத்துவந்து கொடுத்தார். ஷூ தைக்கிற நூலால் இரட்டைத் தையல் போட்டிருந்தார். “இப்போ நீ இழு” என்றார். வரவில்லை. அதற்கப்புறம் புதுச் செருப்பு போட்டு வந்தவர்கள் லேப் பக்கம் போகாமல் கேன்டீனைச் சுற்றிக்கொண்டு போனார்கள் என்று கேள்வி.

குடியாத்தத்தில் லுங்கி வாங்கப் போனாலும் கைப்பையில் ஒரு நனைத்த வெள்ளைக் கைக்குட்டை இருக்குமாம். கடைக்காரர் துணியை விரிக்க விரிக்க இவர் மூலையில் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பாராம். “ஒரு கடக்காரரு கையெடுத்துக் கும்பிட்டே சொன்னாரு ஸார், அம்மா நீங்க வேற கடைக்குப் போய்டுங்கன்னு” என்று அவருடைய வீட்டுக்காரர் பின்னால் என்னிடம் சொல்லிச் சிரித்தார். அந்த வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது. முதலில் ஷீட் கதையை முடித்துவிடுகிறேன்.

நான் கொண்டுபோனவற்றில் ஒன்று கறுப்பு பாலித்தீன். உண்மையைச் சொன்னால், அதையே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் போயிருந்தேன். சொட்டுத் தண்ணீர் உள்ளே விடாது. மற்ற இரண்டும் வெள்ளை. பார்க்கக் காகிதம் மாதிரி, தொட்டால் துணி மாதிரி. இரண்டையும் இடம் மாற்றி வைத்தால் விற்கிறவனுக்கே அடையாளம் தெரியாது.

ஷூத் தோலுக்கு அவர்கள் ஒரு சோதனை செய்வார்கள். ஈரம் உறிஞ்சும் மணிகளை ஒரு ஜாடியில் போட்டு, ஜாடியின் வாயைத் தோலால் இறுக மூடி எடை போடுவார்கள். மறுநாள் திரும்ப எடை போடுவார்கள். எடை ஏறியிருந்தால் காற்றிலிருந்த ஈரம் தோலைத் தாண்டி மணிகளுக்குப் போயிருக்கிறது. அப்படியானால் காலில் வேர்க்கிற ஈரமும் ஷூவை விட்டு வெளியே போகும். லேபம்மா என் மூன்று ஷீட்டையும் வட்டமாக வெட்டி அதே ஜாடிகளின் வாயில் பூட்டினார்.

“செவுத்துக்கு எதுக்கும்மா இது? தண்ணி உள்ள வரக்கூடாது, அவ்ளோதானே?”

“தண்ணி வராம தடுக்கறது பெரிய விஷயம் இல்ல ஸார். உள்ள இருக்கற ஈரம் எப்டி வெளிய போவும்? ஷூவுல ஈரம் இருக்கு, அட்டப் பொட்டில இருக்கு, பேக்கிங் பண்ற பொண்ணுங்க மூச்சுல இருக்கு. பாலித்தீன சுத்திட்டா அது எங்க போவும்?”

நான் கறுப்புச் சுருளை மேஜையின் ஓரத்துக்கு நகர்த்தினேன்.

பாலித்தீன் மூடிய ஜாடியின் எடை மறுநாள் ஒரு குண்டுமணி அளவுகூட ஏறவில்லை. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஒரு ஜோடி ஷூவை எடுத்து, ஈரத் துணியை உள்ளே திணித்து, ஒன்றைப் பாலித்தீனிலும் இன்னொன்றை வெள்ளை ஷீட்டிலும் சுற்றி, பத்து நாள் அலமாரியில் வைத்திருந்தார். முதலாளியையும் என்னையும் கூப்பிட்டு இரண்டையும் பிரித்தார். வெள்ளை ஷீட்டிலிருந்த ஷூ காய்ந்திருந்தது. பாலித்தீன் ஷூவில் பச்சையாகப் பூஞ்சை, விரலால் வழித்து எடுக்கலாம்.

“அடடா, வாசனையே பேஜாரா இருக்கே!” என்று முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். பாலித்தீன் அன்றைக்கே கழிந்தது.

மிச்சம் இரண்டு வெள்ளை. முதலாளிக்கு அவசரம், எனக்கு அதைவிட அவசரம். லேபம்மா மூன்று வாரம் கேட்டார். இரண்டையும் மொட்டை மாடியில் கத்திரி வெயிலில் கட்டிவைக்க வேண்டுமாம்.

“பலகைக்குப் பின்னாடி வெயிலே படாதேம்மா!”

“படாதுதான். ஆனா நீங்க ஷீட்ட கட்டிட்டு, பலக வர்ல, ஆள் வர்லன்னு ஒரு மாசம் அப்டியே வுடுவீங்க இல்ல ஸார்?”

லேப் பையன்கள் திரும்பி நின்று சிரித்தார்கள். நான் கட்டிய எந்தக் கட்டடத்தில் அப்படி நடக்கவில்லை? வாயை மூடிக்கொண்டு மூன்று வாரம் கொடுத்தேன்.

வெயிலுக்கு இரண்டும் தாங்கின. ஷூத் தோலை மடக்குகிற மெஷினில் ஆயிரக்கணக்கான மடிப்பையும் தாங்கின. சரி, விலை கம்மியானதை வாங்கிவிடலாம் என்று அதை விற்கிறவரை வரச் சொன்னேன். அவர் கோட்டு சூட்டோடு வந்தார். லேபம்மா இரண்டு ஷீட்டையும் கிண்ணம் மாதிரிக் குழித்துக் கட்டி, தண்ணீர் ஊற்றினார். இரண்டிலும் சொட்டு இறங்கவில்லை. “பாத்தீங்களா மேடம்!” என்றார் அவர். லேபம்மா கேன்டீனிலிருந்து பாத்திரம் கழுவுகிற சோப்பை எடுத்துவரச் சொல்லி, இரண்டிலும் ஒரு ஸ்பூன் கலக்கினார். கொஞ்ச நேரத்தில் அந்த விலை கம்மி ஷீட்டின் அடியில் முத்து முத்தாகத் துளிர்த்தது. கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளை போட்டு ஈரத்தை வெளியே விடுகிற சாதியாம் அது. வெறும் தண்ணீர் அந்தத் துளையில் இறங்காது, சோப்புத் தண்ணீர் இறங்கிவிடும்.

“மேடம், செவுத்துல யாரு மேடம் சோப்பு போட்டுக் குளிப்பாட்டப் போறாங்க?”

“வடக்குச் செவுத்த ஒட்டித்தான் கேன்டீன் பாத்திரம் கழுவறாங்க” என்றார் லேபம்மா. விற்கவந்தவர் டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

மூன்றாவது ஷீட்டையே வாங்கினோம். அப்போதும் அந்த அம்மா வாயிலிருந்து “நல்லது” என்று ஒரு வார்த்தை வரவில்லை. “இதுல இன்னும் ஒண்ணும் கண்டுபிடிக்கல ஸார்” என்றார். அவ்வளவுதான். எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது, ஆனாலும் அவர் எதிரில் வந்தால் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு நாள் நான் லேபில் இருந்தபோது உற்பத்தி மேனேஜர் கையில் ஒரு சீட்டோடு குதித்துக்கொண்டு வந்தார். ஒரு லாட் முழுக்க அடிப்பாகம் ஒட்டு விடுகிறது என்று லேபம்மா ஃபெயில் போட்டிருந்தார். “இது எந்த லைன், யாரு ஒட்டினான், அத எழுது மொதல்ல. ரெண்டு பேர தூக்கினாதான் மத்தவனுக்குப் பயம் வரும்” என்று கத்தினார். லேபம்மா குரலை உயர்த்தவே இல்லை. “ஒட்டு வுட்டுது ஸார். திருப்பி ஒட்டச் சொல்றேன். ஆள் பேரு எதுக்கு?” என்றார். அவர் எழுதிய சீட்டுகளில் லாட் நம்பர் இருக்கும், காரணம் இருக்கும், ஆள் பெயர் மட்டும் இருக்காது. லைன் ஆட்கள் அவருக்குப் பயப்படாமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று எனக்குப் பிறகு புரிந்தது. அவர் ஃபெயில் போட்டால் அந்தப் பொருள் திரும்ப வரும், இவர்கள் சரிசெய்து அனுப்புவார்கள், வேலைக்கு ஆபத்தில்லை.

ஷீட் வந்து இறங்கியது. கட்ட ஆள் இல்லை. அந்த வேலை தெரிந்த சென்னை ஆட்கள் தீபாவளிக்கு அப்புறம்தான் வர முடியும் என்றார்கள். மழை தீபாவளிக்குக் காத்திருக்குமா? அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. இன்னொருவர் தலையில் கட்டப் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள், என் யோசனைதான்.

லேபம்மாவின் வீட்டுக்காரர் பேரணாம்பட்டுப் பக்கம் தோல் பதனிடுகிற ஒரு சின்ன டேனரியில் இருபது வருஷம் டாகிள் வேலை பார்த்தவர். ஈரத் தோலை, ஓட்டை போட்ட இரும்புச் சட்டத்தில் விரித்து, சுற்றிலும் கொக்கி மாட்டி, சுருக்கமே இல்லாமல் இழுத்துக் காயவிடுகிற வேலை. டேனரி மூடி ஏழு மாதம் ஆகியிருந்தது. மனிதர் வீட்டில் இருந்தார். தோலை அப்படி விரிக்கத் தெரிந்தவனுக்கு இந்த ஷீட் எந்த மூலை? லேபம்மாவிடம் கேட்டேன்.

உடனே சரி என்பார் என்று நினைத்தேன். யோசித்தார். “அவருக்குத் தோல் தெரியும் ஸார். இது தோல் இல்லியே” என்றார்.

“இழுத்து விரிக்கறதுதானேம்மா. நான் பக்கத்துலயே இருக்கேன்.”

முதலாளியும் நல்ல மனசோடு ஒரு வார்த்தை சொன்னார்: குடோன் வேலையை நல்லபடியாக முடித்தால் அவரை அப்படியே பராமரிப்புப் பிரிவில் நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறேன். அதைக் கேட்டதும் லேபம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது. ஏழு மாதமாக ஒற்றைச் சம்பளம், பெண் பன்னிரண்டாவது படிக்கிறாள். “சரி ஸார்” என்றார். அடுத்த மூச்சிலேயே, “ஆனா கட்டி முடிச்சதும் நான் தண்ணி அடிச்சுப் பாப்பேன். முன்னாடியே சொல்லிட்றேன்” என்றார்.

“தாராளமா!” என்றேன் நான், பெரிய மனுஷன் மாதிரி.

வீட்டுக்காரர் தன்னோடு வேலை பார்த்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். சுருளைப் பிரித்ததும் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, “இதுக்கு முகம் எது ஸார்?” என்று கேட்டார். தோலுக்கு முகம் உண்டு, சதைப்பக்கம் உண்டு. எழுத்து அச்சடித்த பக்கம் வெளியே வர வேண்டும் என்று காட்டினேன். ஷீட்டோடு வந்த விளக்கத் தாளில் சுருக்கம் இல்லாமல் கட்டவும் என்று போட்டிருந்தது. அதைப் படித்துச் சொன்னேன். அதற்கு அடுத்த வரி பின்பக்கத்தில் இருந்தது. தாளை நான் திருப்பவில்லை.

அவர்கள் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்து, காலை ஊன்றி இழுத்து, வாஷர் வைத்த ஸ்க்ரூவை இறக்கிக்கொண்டே போனார்கள். அடடா, அந்தச் சுவர் இருந்த அழகு! ஒரு சுருக்கம் கிடையாது. விரலால் சுண்டினால் மத்தளம் மாதிரிச் சத்தம் வந்தது. நான் சுண்டிச் சுண்டிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் தொய்வு.

“இங்க இன்னும் கொஞ்சம் இழுங்க” என்றேன்.

“இதுக்கு மேல இழுத்தா ஸ்க்ரூ கிட்ட லேசா வாய் தொறக்குது ஸார்” என்றார் அவர்.

“அதெல்லாம் வாஷர் மூடிக்கும். இழுங்க.”

இழுத்தார். இதை யாரிடமும் நான் இதுவரை சொன்னதில்லை.

வெளிப்பலகைகளை அடித்தோம். பலகைமேல் பெயின்ட்டும் ஆயிற்று. உட்பக்கப் பலகை அடிப்பதற்கு முன்னால் லேபம்மா சொன்னபடி வந்து நின்றார். முதலாளியும் வந்தார். தீ அணைக்கிற குழாயிலிருந்து ஹோஸ் இழுத்து வைத்திருந்தோம். யார் பிடிப்பது என்று பார்த்தபோது அந்த அம்மா தன் வீட்டுக்காரரைப் பார்த்து, “நீங்களே புடிங்க” என்றார். அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். தன் வேலைமேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. லேபம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

இவர் வெளியிலிருந்து பலகை இடுக்கில் தண்ணீர் அடிக்க, அந்த அம்மா உள்ளேயிருந்து, “கொஞ்சம் மேல… எடது பக்கம்… அங்கியே புடிங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். புருஷனும் பெண்சாதியும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று பேசிக்கொள்வதைப் பார்த்து முதலாளி சிரித்தார். கால் மணி நேரம் போனது. அரை மணி நேரம். உள்ளேயிருந்து குரல் வருவது நின்றது.

“இன்னா ஆச்சு?” என்று இவர் கத்தினார்.

நான் உள்ளே போனேன். லேபம்மா டார்ச்சை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஸ்க்ரூவின் பக்கத்தில் ஷீட் அரை அங்குலத்துக்குக் கிழிந்து வாய் திறந்திருந்தது, அதிலிருந்து தண்ணீர் கோடு போட்டு இறங்கியது. பக்கத்து ஸ்க்ரூவிலும் அப்படியே. அந்த அம்மா ஒவ்வொன்றாக எண்ணினார். பதினொன்று. டார்ச்சைக் கை மாற்றிக்கொண்டு இன்னொரு தடவை எண்ணினார். பெண்ணின் படிப்பு, வீட்டுக்காரரின் வேலை எல்லாம் அந்தக் கையில் இருந்தது. உட்பலகை அடித்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, ஒரு மழைக்காலம் வரைக்குமாவது. நான் மெதுவாக, “அம்மா, டேப் ஒட்டிடலாமா?” என்று கேட்டேன்.

“இங்க கிழிஞ்சா எல்லா எடத்துலயும் இழுத்துத்தான் இருக்கு ஸார். இன்னிக்குக் கிழியாதது நாளைக்குக் காத்துல கிழியும்.”

வெளியே வந்தார். முதலாளியிடம் அப்படியே சொன்னார்: “ஃபெயில் ஸார். ரொம்ப இழுத்துக் கட்டியிருக்கு. பிரிச்சிக் கட்டணும்.” வீட்டுக்காரர் கையில் ஹோஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“யாருய்யா இவ்ளோ இழுக்கச் சொன்னது?” என்றார் முதலாளி.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் போய்த் தண்ணீர்க் குழாயை மூடினேன். திரும்பி வரும்போது, “தோல் மாதிரி நெனச்சிட்டேன் மொதலாளி. மன்னிச்சுக்கங்க, நான் பிரிச்சிக் கட்டித் தர்றேன்” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் முதலாளி என்னைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டார். கோபமாக இல்லை. “நீங்கதான் கூட நின்னு வேல வாங்கினவரு. நீங்க சொல்றதுதான். அந்த ஆள வச்சே பிரிச்சிக் கட்டலாமா, இல்ல ஜாஸ்தி பணம் குடுத்துச் சென்னைக்காரங்கள இழுத்துட்டு வரலாமா?” என்றார்.

அவரை வைத்தே கட்டியிருக்கலாம். தளர்வாகக் கட்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் அவரைவிட நன்றாக யாரும் கட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் அங்கேயே இருந்தால் என்றைக்காவது ஒரு நாள், இன்ஜினியர்தான் இழுக்கச் சொன்னார் என்று சொல்லிவிடுவாரே என்ற பயம் எனக்கு.

“வேணாம் ஸார்” என்றேன். “அவருக்கு இது வராது.”

இதைச் சொல்ல எனக்கு ஐந்து நொடி ஆகியிருக்காது.

மறுநாள் அவர் தன் கையுறையையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு, “வர்றேன் ஸார்” என்று என்னிடம் சொல்லிக்கொண்டே போனார். பராமரிப்பு வேலைக்கு வேறு ஆள் எடுத்தார்கள். அவர் ஸ்ரீபெரும்புதூரில் ஏதோ கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்து, வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வந்துபோக ஆரம்பித்தார் என்று லேப் பையன்கள் சொன்னார்கள். சென்னை ஆட்கள் வந்து வெளிப்பலகையைக் கழற்றி, எல்லாப் பக்கமும் ஷீட்டைப் பிரித்துக் கட்டினார்கள். விளக்கத் தாளின் பின்பக்கத்தை நான் அப்போதுதான் படித்தேன்: இழுத்துக் கட்டக் கூடாது, லேசாகத் தொய்வு விடவும் என்று போட்டிருந்தது.

லேபம்மா திரும்பவும் தண்ணீர் அடித்துப் பார்த்தார். இந்தத் தடவை ஹோஸைப் பிடித்தவர் வாட்ச்மேன். இரண்டு மணி நேரம் அடித்தும் உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. அந்தக் குடோனில் இதுவரை ஒரு ஷூவில்கூடப் பூஞ்சை பிடித்ததில்லை என்று கேள்விப்படுகிறேன்.

சோதனை முடிந்ததும் சீட்டை எழுதிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். போட்டேன். போகவில்லை, நின்றார்.

“ஸார், ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்கம்மா.”

“ஃபெயில் ஆனது செவுருதானே ஸார்? பிரிச்சிக் கட்டச் சொல்லத்தானே நான் எழுதனேன். ஆள எதுக்கு ஸார் அனுப்பிட்டாங்க? நான் எழுதனதாலயா?” குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். “அன்னிலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல ஸார்.”

சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. அறையில் வேறு யாரும் இல்லை.

“நீங்க எழுதனதால இல்லம்மா. மொதலாளி முடிவு. நான் இன்னா பண்ண முடியும்?” என்றேன்.

தோலை நம்பாதவர், நூலை நம்பாதவர், கம்பெனி முத்திரை குத்திய எதையும் வெட்டிப் பார்க்காமல் நம்பாதவர், நான் சொன்னதைக் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நெனச்சேன் ஸார். அவரும் இததான் சொன்னாரு. இன்ஜினியர் ஸார் நமக்காக எவ்ளோவோ பேசியிருப்பாரு, மொதலாளிதான் கேட்டிருக்க மாட்டாருன்னு. பேசினீங்க இல்ல ஸார்?”

ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன்.